‘முந்தித் தாக்கலாமா?’ என்ற தலைப்பு கையில் வந்தால்: ஒரு விவாதப் பயிற்சியாளரின் குறிப்புகள்

2003 மார்ச் முதல் வாரம். கல்லூரி விவாத மேடையில் நின்றபடி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து உயர்த்திக் காட்டினேன். ஒரு மாதத்துக்கு முன்பு, பிப்ரவரி 5 அன்று, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் அப்படித்தான் ஒரு குப்பியைக் காட்டி, ஈராக்கிடம் இருப்பதாகச் சொன்ன ஆந்த்ராக்ஸ் என்ற கொல்லும் கிருமி பற்றிப் பேசியிருந்தார். என் குப்பியில் இருந்தது உப்பு. “ஆபத்து வந்து சேர்ந்த பிறகு யோசிக்கலாம் என்கிறார்களா எதிரணியினர்?” என்று கேட்டேன். அரங்கம் கைதட்டியது. முதல் பரிசு எனக்கு.

இரண்டு வாரத்தில் ஈராக் போர் தொடங்கியது. அடுத்த ஆண்டு, நாடு முழுக்கத் தேடிய அமெரிக்கக் குழுவே பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் கிடைக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தது.

நான் அன்று பொய் சொல்லவில்லை. நம்பித்தான் பேசினேன். ஆனால் ஒரு கேள்வியை நானும் கேட்டுக்கொள்ளவில்லை, எதிரணியும் கேட்கவில்லை, நடுவரும் கேட்கவில்லை: அவர்கள் எப்போது தாக்கப் போகிறார்கள்? நாளைக்கா, அடுத்த வருடமா, என்றைக்காவதா? இன்று மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது நான் தொடங்குவது அந்தக் கேள்வியிலிருந்துதான். ஒட்டிப் பேசினாலும் சரி, வெட்டிப் பேசினாலும் சரி, இந்தத் தலைப்பு அதில்தான் நிற்கிறது.

முதலில் ஒரு கோடு

தலைப்பு கிடைத்ததும் எல்லோரும் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு உடனே வாதங்களை எழுத ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒரு தாளில் நீளமாக ஒரு கோடு போடுங்கள். இடது முனையில் ‘ஏவுகணைக்கு எரிபொருள் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்’ என்று எழுதுங்கள். வலது முனையில் ‘பத்து வருடத்தில் அவர்களிடம் அணுகுண்டு இருக்கலாம்’ என்று எழுதுங்கள். தலைப்பு சொல்லும் ஆபத்து இந்தக் கோட்டில் எங்கே வரும் என்று ஒரு புள்ளி வையுங்கள்.

இடது முனையில் எதிரி கையை ஓங்கிவிட்டான். அடி விழுவதற்குள் நாம் அடிக்கிறோம். அதுதான் முந்தித் தாக்குதல். வலது முனையில் அவன் இன்றைக்கு எதுவும் செய்யவில்லை. ஆனால் வளர்ந்துவிட்டால் சமாளிக்க முடியாது என்று இப்போதே அடிக்கிறோம். அது தடுப்புப் போர். செய்திகளில் இரண்டையும் சேர்த்து ‘முன்கூட்டிய தாக்குதல்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரே சொல்லில் பாதி விவாதம் தொலைந்துபோகிறது. ஆகவே உங்கள் பேச்சின் முதல் நிமிடத்திலேயே இரண்டையும் பிரித்து, நீங்கள் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். எந்த அணி இதை முதலில் தெளிவாகச் செய்கிறதோ அந்த அணியின் சொற்களில்தான் மீதி விவாதம் நடக்கும்.

இந்தத் தலைப்பில் நான் கேட்ட பேச்சுகளில் பாதிக்கு மேல் ‘முளையிலேயே கிள்ளி எறிய வேண்டும்’ என்றுதான் தொடங்கின. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முளை என்று சொன்ன உடனேயே அது இன்னும் மரமாகவில்லை என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. மரமாகவில்லை என்றால் நேரம் இருக்கிறது. நேரம் இருந்தால், கிள்ளுவதைத் தவிர வேறு வழி இல்லையா என்ற கேள்வி வந்துவிடும். வெட்டிப் பேசுகிறவருக்கு மறுப்புரையின் முதல் வரி இனாமாகக் கிடைத்த மாதிரி.

கோட்டைப் பழக இரண்டு சம்பவங்கள் போதும். 1967 மே நடுவில் எகிப்து, சினாயிலிருந்த ஐ.நா. படையை வெளியேறச் சொன்னது. மே 22 அன்று, செங்கடலுக்குப் போகும் வழியான டிரான் நீரிணையை இஸ்ரேலியக் கப்பல்களுக்கு மூடுவதாக அதிபர் நாசர் அறிவித்தார். மே 30 அன்று ஜோர்டான் எகிப்துடன் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டது. ஜூன் 5 காலையில் இஸ்ரேலிய விமானங்கள் புகுந்து எகிப்திய விமானப்படையின் பெரும்பகுதியைத் தரையிலேயே அழித்தன. இது இடது முனைக்குப் பக்கத்தில் வரும் என்று பலரும் சொல்வார்கள். இரண்டாவது 1981 ஜூன் 7. பாக்தாத் அருகே ஒசிராக் அணு உலையை இஸ்ரேலின் எட்டு எஃப்-16 விமானங்கள் குண்டு வீசி அழித்தன. அந்த உலை அப்போது இயங்கவே தொடங்கியிருக்கவில்லை. இது வலது பக்கம். பாதுகாப்பு அவை 487ஆம் தீர்மானத்தில் ஒருமனதாகக் கண்டித்தது. அமெரிக்காவும் கண்டனத்துக்கு ஆதரவாகக் கை தூக்கியது.

ஆனால் 1967ஐ ‘சந்தேகமே இல்லாத’ உதாரணம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். அந்தப் போரின்போது இஸ்ரேலிய அமைச்சரவையில் இருந்த மெனாகம் பெகின், பிரதமரான பின் 1982 ஆகஸ்டில் பேசும்போது, சினாயில் எகிப்துப் படைகள் குவிந்தது மட்டுமே நாசர் உண்மையில் தாக்கவிருந்தார் என்பதற்கு நிரூபணம் ஆகாது, தாக்க முடிவெடுத்தது நாங்கள்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். புள்ளியை எங்கே வைப்பது என்பதே சண்டைக்குரிய விஷயம்.

படகு எரிந்த கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

1837 டிசம்பர் 29 இரவு. கனடாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கலகம் நடந்துகொண்டிருந்த நேரம். கலகக்காரர்களுக்குச் சாமான்கள் கொண்டுபோய்க்கொண்டிருந்த ‘கரோலைன்’ என்ற நீராவிப் படகு நயாகரா ஆற்றில், அமெரிக்கக் கரையில் கட்டிக் கிடந்தது. பிரிட்டிஷ் தரப்பினர் இருட்டில் சிறு படகுகளில் ஆற்றைக் கடந்து வந்து, அதில் இருந்தவர்களை விரட்டி, தீ வைத்து, கட்டை அவிழ்த்து அருவிப் பக்கம் மிதக்கவிட்டார்கள். ஓர் அமெரிக்கர் கொல்லப்பட்டார்.

தற்காப்புக்காகத்தான் செய்தோம் என்றது பிரிட்டன். 1841இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் எழுதிய பதில்தான் இன்றைக்கும் சட்ட வகுப்புகளில் ஓடுகிறது. தற்காப்புத் தேவை உடனடியானதாகவும் திணறடிப்பதாகவும் இருக்க வேண்டும்; வேறு வழியைத் தேர்ந்தெடுக்க இடமோ, யோசிக்க ஒரு கணமோ இருக்கக் கூடாது; செய்வதும் அளவு மீறக் கூடாது. அப்படி இருந்ததா என்று நீங்கள் காட்டுங்கள் என்றார். மேடையில் இந்தக் கதையை நாற்பது நொடியில் சொல்லிவிடலாம். எரியும் படகு கேட்பவர் கண்ணில் நின்றுவிடும். அப்புறம் அளவுகோலும் சேர்ந்து நிற்கும்.

சட்டத்தில் அதற்கு மேல் இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஐ.நா. சாசனத்தின் 2(4) பிரிவு பலப் பிரயோகத்தைத் தடுக்கிறது. 51ஆம் பிரிவு, ‘ஆயுதத் தாக்குதல் நிகழ்ந்தால்’ தற்காப்பு உரிமை உண்டு என்கிறது. ‘நிகழ்ந்தால்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்வதா, நிகழவிருப்பதையும் சேர்ப்பதா என்பதில்தான் சட்டம் படித்தவர்கள் மோதுகிறார்கள். அன்றைய ஐ.நா. பொதுச் செயலர் கோஃபி அன்னான் அமைத்த உயர்மட்டக் குழு 2004 டிசம்பரில் சொன்னது ஒட்டிப் பேசும் அணிக்குத் தங்கம்: ஆபத்து மிக நெருங்கியிருந்து, வேறு வழி இல்லாமல், பதிலடி அளவோடு இருந்தால் முந்திக்கொள்ளலாம். அதே குழு, ஆபத்து நெருங்கவில்லை என்றால் தானாகத் தாக்காமல் பாதுகாப்பு அவைக்குப் போ என்றும் சொன்னது; அது எதிரணிக்குத் தங்கம். பாதியை மட்டும் சொல்லிவிட்டு உட்காராதீர்கள். மறுபாதி எதிரணியின் வாயிலிருந்து வந்தால் உங்கள் நம்பகம் போய்விடும்.

‘எப்படித் தெரியும்?’ என்று கேட்டுக்கொண்டே இருங்கள்

நான் தோற்றிருக்க வேண்டிய இடம் இது. பவல் சொன்ன நடமாடும் கிருமி ஆயுதக் கூடங்களை நானும் மேடையில் சொன்னேன். அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் தஞ்சம் கேட்டிருந்த ஓர் ஈராக்கியர், ஜெர்மன் உளவுத்துறையிடம் சொன்னது. அவருக்கு வைத்திருந்த ரகசியப் பெயர் ‘கர்வ்பால்’. அவர் வாயிலிருந்து ஜெர்மனிக்கு, ஜெர்மனியிலிருந்து அமெரிக்க உளவுத்துறைக்கு, அங்கிருந்து அமைச்சரின் உரைக்கு, உரையிலிருந்து தொலைக்காட்சிக்கு, தொலைக்காட்சியிலிருந்து என் குப்பிக்கு. ஒவ்வொரு கை மாறும்போதும் ‘சொல்கிறார்’ என்பது ‘தெரியவந்துள்ளது’ ஆகி, கடைசியில் ‘உண்மை’ ஆகிவிட்டது. 2011இல் அந்த மனிதரே, தான் கட்டிச் சொன்ன கதை என்று ஒப்புக்கொண்டார்.

அதனால் என் மாணவர்களிடம் ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் மூன்றில் ஒரு சொல்லை எழுதச் சொல்வேன்: பார்த்தது, கேட்டது, ஊகித்தது. எதிரி எல்லையில் டாங்கி நிறுத்தியிருப்பது பார்த்தது. அதிகாரி ஒருவர் பேசியது ஒட்டுக்கேட்கப்பட்டால் கேட்டது. ‘அதனால் வெள்ளிக்கிழமை தாக்குவார்கள்’ என்பது ஊகித்தது. திறன் வேறு, எண்ணம் வேறு. செயற்கைக்கோள் படத்தில் திறன் தெரியும், எண்ணம் தெரியாது. போருக்கு ஆதரவான பேச்சுகளில் பெரும்பாலும் திறனைக் காட்டிவிட்டு எண்ணத்தை நிரூபித்த மாதிரி நகர்ந்துவிடுவார்கள். அந்தத் தாவலைப் பிடிப்பதுதான் குறுக்குக் கேள்வியின் வேலை.

இயந்திரமே பார்த்ததாகச் சொன்னாலும் நம்பலாமா? 1983 செப்டம்பர் 26 அன்று, மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு கட்டுப்பாட்டு அறையில் பணியில் இருந்த சோவியத் அதிகாரி ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவின் முன்னால் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அமெரிக்கா ஓர் ஏவுகணையை ஏவிவிட்டதாகக் கருவி சொன்னது. பிறகு இன்னும் நான்கு. மொத்தம் ஐந்து. கோட்டின் இடது முனை இதைவிட இடதாக இருக்கவே முடியாது. அவர் யோசித்தார்: அணு ஆயுதப் போரைத் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்து ஏவுகணையையா அனுப்புவான்? தரை ரேடாரிலும் எதுவும் தெரியவில்லை. பிழையான எச்சரிக்கை என்று மேலே சொன்னார். மேகங்களில் பட்டு எதிரொளித்த சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது. இந்த உதாரணத்தை வெட்டிப் பேசுகிறவர்கள் கடைசி நிமிடத்துக்கு வைத்திருக்காமல் நடுவிலேயே சொல்லிவிடுங்கள். கேட்பவர் ஜீரணிக்க நேரம் வேண்டும்.

வேறு வழி உண்டா?

கியூபாவை இருபுறமும் பேசத் தெரிந்தவர்தான் இந்தத் தலைப்பை உண்மையில் படித்தவர். 1962 அக்டோபர் 16 காலை, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இறங்கியிருக்கும் படங்கள் அமெரிக்க அதிபர் கென்னடியிடம் வந்தன. அன்றைக்குக் கூடிய ஆலோசகர்களில் பெரும்பாலானவர்களின் மனம் விமானத் தாக்குதல் பக்கம்தான் சாய்ந்தது. விமானப்படைத் தலைவர் கர்டிஸ் லெமே விடாப்பிடியாக அதையே கேட்டார். அக்டோபர் 21 அன்று விமானப்படைத் தளபதி வால்டர் ஸ்வீனியிடம் எல்லா ஏவுகணைகளையும் அழித்துவிட முடியுமா என்று கேட்டபோது, அந்த உத்தரவாதத்தை அவரால் கொடுக்க முடியவில்லை. மிஞ்சுவது ஒன்றிரண்டு என்றாலும் அவை அணு ஏவுகணைகள். மறுநாள் கென்னடி கடல் வழியை மறிக்கும் முடிவை அறிவித்தார். அக்டோபர் 28 அன்று ஏவுகணைகளைத் திரும்பப் பெற சோவியத் தலைவர் குருஷேவ் சம்மதித்தார்.

முப்பது வருடம் கழித்து 1992இல்தான் அமெரிக்கர்களுக்கு முழு விவரம் தெரிந்தது: கியூபாவில் இருந்தது அவர்கள் நினைத்த மாதிரி பத்தாயிரம் சோவியத் வீரர்கள் இல்லை, நாற்பதாயிரத்துக்கும் மேல். போர்க்களத்தில் பயன்படுத்தும் சிறு அணு ஆயுதங்களும் அப்போதே அங்கே இருந்தன. லெமே சொன்னதைக் கேட்டிருந்தால் அதன்மேல்தான் போய் விழுந்திருப்பார்கள்.

வெட்டிப் பேசுகிறவருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் ஒட்டிப் பேசுகிறவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. கப்பலை மறித்தது ஏன் பலித்தது? மறுத்தால் அடுத்து குண்டு விழும் என்று மாஸ்கோ நம்பியதால். தாக்கத் தயாராக இல்லாத நாட்டின் பேச்சுவார்த்தைக்கு எடை இல்லை என்று அவர் சொல்லலாம். உடனே எதிரணி, துருக்கியிலிருந்த தன் ஜூபிடர் அணு ஏவுகணைகளை எடுத்துவிடுவதாக அமெரிக்கா ரகசியமாக ஒப்புக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று திருப்பலாம். விவாதம் இப்படிப் போனால் எனக்கு நாற்காலியில் உட்கார முடியாது. அவ்வளவு நன்றாக இருக்கும்.

மறுநாள்

தாக்குதல் வெற்றி என்பது ஒரு நாள் கணக்கு. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரில் ஜப்பான், அங்கிருந்த எட்டு அமெரிக்கப் பெரும் போர்க்கப்பல்களையும் சேதப்படுத்தியது, அவற்றில் நான்கு மூழ்கின. அன்றைய கணக்கில் பெரும் வெற்றி. எண்ணெய் தடைபட்டு, கையிருப்பு கரைந்துகொண்டிருந்த நாடு, நேரம் போகப்போக நம் நிலை மோசமாகும் என்று கணக்குப் போட்டுத்தான் முந்தியது. நான்கு வருடம் கழித்து அந்த நாடு எந்த நிலையில் இருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒசிராக்கும் அப்படித்தான் பேசப்படுகிறது. ஈராக்கின் அணு முயற்சி பல வருடம் தள்ளிப்போனது என்பது ஒரு கட்சி. இல்லை, அதற்குப் பிறகுதான் ஈராக் அதிபர் சதாம் ரகசியமாக, இன்னும் அதிக ஆட்களோடு வேலையை முடுக்கினார் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சிப் பக்கம் சாய்கிறேன். ஆனால் மாணவர்கள் இரண்டையும் பேசத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். ஒட்டிப் பேசுகிற அணி மறுநாள் என்ன நடக்கும் என்ற கேள்விக்குக் குறைந்தது ஒரு நிமிடம் ஒதுக்காவிட்டால், நடுவராக நான் புள்ளியைக் குறைத்துவிடுவேன்.

பக்கம் பிரிந்த பிறகு

ஒட்டிப் பேசுகிறீர்கள் என்றால் களத்தைச் சுருக்குங்கள். எந்த அரசும் எப்போது வேண்டுமானாலும் தாக்கலாம் என்று வாதாடினால் உங்களைக் காப்பாற்ற யாராலும் முடியாது. ஆபத்து இவ்வளவு நெருங்கியிருந்தால், ஆதாரம் இந்தத் தரத்தில் இருந்தால், இந்த இலக்கை மட்டும் என்று வேலி போட்டுக்கொண்டு நில்லுங்கள். உங்கள் பலமான வாதம் ஒன்றுதான்: முதல் அடியை வாங்கிக்கொண்டு பிறகு எழலாம் என்பது வாளும் வேலும் இருந்த காலத்துக் கணக்கு, முதல் அடியே ஒரு நகரத்தை இல்லாமல் செய்துவிடும் என்றால், காத்திருக்கச் சொல்கிறவர்தான் அந்த நகரத்து மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதை நேர்மையாகச் சொல்லுங்கள். காத்திருப்பதற்கும் விலை உண்டு என்பதை எதிரணி ஒப்புக்கொள்ளும் வரை விடாதீர்கள்.

வெட்டிப் பேசுகிறீர்கள் என்றால், ‘போர் கொடியது’ என்று ஆரம்பிக்காதீர்கள். அது எல்லோருக்கும் தெரியும். விதியைத் திருப்பிப் போடுங்கள். சந்தேகத்தின் பேரில் நான் தாக்கலாம் என்றால் என்மேல் சந்தேகப்படுகிறவனும் தாக்கலாம். அவன் அடிப்பானோ என்று நான், நான் அடிப்பேனோ என்று அவன். 1914 ஜூலை கடைசியில் ஐரோப்பா மாட்டிக்கொண்டது இதில்தான்: ரஷ்யா படை திரட்டியதும், இனித் தாமதித்தால் நம் திட்டம் பலிக்காது என்று ஜெர்மனி அவசரப்பட்டது.

மாதிரிக்கு ஒரு பேச்சு வேண்டுமென்றால் பிரிட்டிஷ் அமைச்சர் ராபின் குக் 2003 மார்ச் 17 அன்று ஈராக் போரை எதிர்த்துப் பதவி விலகி நாடாளுமன்றத்தில் பேசியதைப் படியுங்கள். முன்னாள் வெளியுறவு அமைச்சர். அரசின் உள்விவகாரம் அறிந்தவர். குரலை உயர்த்தாமல் அவர் கேட்டது இதுதான்: ஈராக்கிடம் இருபது வருடமாக இருந்துவரும் ஒரு திறனை அழிக்க இப்போது மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்? கோட்டில் புள்ளி எங்கே என்ற அதே கேள்வி. மறுநாள் வாக்கெடுப்பில் 412க்கு 149 என்று போர்த் தீர்மானம் நிறைவேறியது. சரியான கேள்வியைக் கேட்டவர் வாக்கெடுப்பில் தோற்கலாம் என்பதையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

மேடையில் சொற்களைப் பற்றி ஒன்றே ஒன்று. ‘துல்லியத் தாக்குதல்’, ‘நடுநிலைப்படுத்துதல்’ போன்ற கழுவிவிட்ட சொற்களை இரண்டு அணியும் தவிர்க்க வேண்டும். குண்டு என்றால் குண்டு என்று சொல்லுங்கள். ஒசிராக்கில் பத்து ஈராக்கிய வீரர்களும் பிரான்சைச் சேர்ந்த ஒரு சாதாரண மனிதரும் செத்தார்கள். தாக்கலாம் என்று வாதிடுகிற உரிமை உங்களுக்கு உண்டு. அந்தப் பதினோரு பேரைச் சொல்லிவிட்டு வாதிடுங்கள்.

போட்டிக்கு முந்தின நாள் மாலை அணிகளை மாற்றிப் பேசச் சொல்வேன். ஒட்டி வெட்டியாக, வெட்டி ஒட்டியாக, ஆளுக்கு ஐந்து நிமிடம், குறிப்பு இல்லாமல். போன முறை ஒட்டிப் பேசவிருந்த ஒரு மாணவி, மாற்றிப் பேசி முடித்ததும் தன் கோடு போட்ட தாளைக் கேட்டு வாங்கினாள். இடது ஓரத்தில் வைத்திருந்த புள்ளியை அடித்துவிட்டு, இரண்டு விரல் அகலம் வலப்பக்கம் தள்ளி வைத்தாள். பக்கம் மாறவில்லை, மறுநாள் ஒட்டியேதான் பேசினாள். ஆனால் எழுதி வைத்திருந்த தொடக்கத்தைக் கிழித்துவிட்டிருந்தாள். “எங்களுக்கு ஆறு வாரம் இருக்கிறது. அந்த ஆறு வாரத்தில் என்னவெல்லாம் முயல்வோம் என்று முதலில் சொல்லிவிட்டு, ஏழாவது வாரத்துக்கு வருகிறேன்” என்றுதான் ஆரம்பித்தாள்.